சுவரில் மாட்டும் தட்டு

மண் தட்டு சுடும் போறணையின் கதவைத் திறந்ததும் முதலில் சத்தம் போட்டவள் ராசம்மாதான்.

"அக்கா, எலையக் காணோமே!"

ஜீவராணி நம்பவில்லை. சூடு ஆறாத தட்டு ஒன்றைத் துணியால் பிடித்து எடுத்து, ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை மெருகு பளபளவென்று ஏறியிருந்தது. வெடிப்பில்லை, கோணலில்லை. நடுவில் இருக்க வேண்டிய இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் யாரோ அழித்துவிட்ட கோலம்போல ஒரு தடம் தெரிந்தது. அடுத்த தட்டை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். போறணைக்குள் இருந்த நாற்பதும் அப்படித்தான். முதல் சூடு மட்டும் முடிந்து, மெருகுக்காகப் பலகையில் அடுக்கி வைத்திருந்த மற்ற எண்பதின் கதியும் இதுதான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஈர மண்ணில் மங்கலாகப் பதிந்திருந்ததை மெருகு எடுத்துக்காட்டிவிடும் என்றுதான் நம்பியிருந்தாள்.

பொகவந்தலாவைக் கடைத்தெருவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் மேலே ஏறினால் வருகிற தோட்டம் அது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா, பிள்ளைகள் குறைந்துபோய் நாலைந்து வருடம் பூட்டியே கிடந்தது. ஹட்டன் டவுனில் அன்பளிப்புச் சாமான் கடை வைத்திருக்கும் நஸீர் அதை வாடகைக்கு எடுத்து, ஒரு கரண்ட் போறணையைக் கொண்டுவந்து இறக்கி, ஐந்து பெண்களை வேலைக்கு வைத்திருந்தார். சட்டியும் பானையும் அங்கே செய்வதில்லை. வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் வாங்கிப்போய் அலுமாரியில் வைக்கிற பூச்சாடி, குவளை, சுவரில் மாட்டும் தட்டு ஆகியவைதான் வேலை. ஜீவராணியின் புருஷன் பொன்னையா இந்தத் தட்டை முதன்முதலில் பார்த்தபோது ஆணியில் மாட்டுவதற்கென்று விட்டிருந்த ஓட்டையைக் காட்டி, "இதுல சோத்தப் போட்டா கொழம்பு ஒழுகிப்போயிருமே" என்று கேட்டவர்.

ஆனாலும் ஜீவராணி ஒரு தட்டைச் செய்வதைப் பார்க்க வேண்டும். ரொட்டி தேய்ப்பதுபோல மண்ணைத் தேய்த்து, வட்டமாக வெட்டி, தேயிலை இணுக்கு ஒன்றை அதன்மேல் சாய்வாகப் படுக்க வைத்து, கட்டையை ஒரே ஒரு தரம் உருட்டுவாள். பிறகு நகத்து நுனியால் இணுக்கை உரித்தெடுப்பாள். நரம்பு நரம்பாக இலை மண்ணில் இறங்கியிருக்கும். பச்சை மெருகு அந்த நரம்புகளுக்குள் தேங்கிக் கறுத்துப்போய், சூட்டுக்குப் பிறகு பார்த்தால் இலை இன்னும் தட்டிலேயே இருப்பதாகத் தோன்றும். பெப்ரவரியில் அவள் செய்த மாதிரித் தட்டு அப்படித்தான் இருந்தது. நுவரெலியாவில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு ஹோட்டலின் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, அறைக்கு ஒன்று, விற்பனைக்கு மீதி என்று நூற்றிருபது தட்டுக் கேட்டிருந்தார்கள். இது சரியாக வந்தால் ஜீவராணிக்கு நிரந்தர வேலைக் கடிதம் தருவதாக நஸீர் சொல்லியிருந்தார்.

அண்ணன் முறை வைத்துப் பெண்கள் 'நானா' என்று கூப்பிடும் நஸீர் அன்று மத்தியானமே ஆட்டோவில் வந்து இறங்கினார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் தட்டுகளைப் பார்த்தார்.

"என்னக்கா இது? ஒண்டுமே தெரியல்லியே."

"எனக்கும் வெளங்கலீங்க நானா."

"மண்ணு அதே மண்ணுதானே?"

"அதே மண்ணுதாங்க. மெருகும் நீங்க குடுத்த டின்தான். அளவு பெசகல."

"அப்ப எலைக்கு என்ன நடந்தீச்சி?"

"எலையில ஒரு கொறயும் இல்லீங்க" என்றாள் ஜீவராணி. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாதிரித் தட்டு செஞ்சப்ப காஞ்ச காலம். நல்ல கொழுந்தே இல்ல, தண்ணி ஓடற கான் ஓரத்துல கெடச்சத வச்சு செஞ்சேன். இது மழைக்குப் பொறகு வந்த மொதக் கொழுந்து. கணக்கப்புள்ளகிட்டக் கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். பாலாடை மாதிரி எளசு. அதுலயும் ஒவ்வொன்னாப் பாத்துப் பாத்துல்ல எடுத்தோம்."

"நல்லம். அவ்வளவு நல்ல எலை எங்க போன?" என்று கேட்டார் நஸீர். குத்தலாகக் கேட்கவில்லை, அவருக்கும் உண்மையிலேயே விளங்கவில்லை. "நான் ஹோட்டலுக்கு என்னத்தச் சொல்ற? மாசக் கடைசி மட்டும் தவண கேட்டுப் பாக்குறன். அதுக்குள்ள சரிவரல்லெண்டா இந்த எடத்த மூடிட்டு நான் கடையோட ஈக்கிறதுதான். ஒங்களுக்கு ஒளிச்சு என்னத்துக்கு."

அவர் போன பிறகு ராசம்மா கரண்டைக் குறை சொன்னாள். இன்னொருத்தி கண்ணேறு என்றாள். மிளகாய் சுற்றிப்போட்டால் என்ன என்று யோசனை வந்தது. ஜீவராணி நாற்பது தட்டையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் இலை வந்துவிடுமா என்ன!

தோட்டத்து வரிசைவீடான லயத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. பொன்னையா அடுப்பில் கவ்வாத்து மிலாரை முறித்துச் செருகிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய ஆள், விறகையும் வெட்டுக் கோணம் பார்த்துத்தான் முறிப்பார். மகள் சர்மிளா கட்டிலில் உட்கார்ந்து, டியூஷன் நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தாள். உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் தவறிப்போய் நவம்பரில் மறுபடி எழுதப்போகிறவள்.

ஜீவராணி கோதுமை மாவைப் பிசைந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். பொன்னையா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மொதல்லயே சொன்னேன்" என்றார்.

"என்னாத்தச் சொன்னீங்க? கொழம்பு ஒழுகும்னு சொன்னீங்க. அதத் தவிர என்னா சொன்னீங்க?"

"கோவிக்காத புள்ள. முப்பத்தோராந் தேதியோட எனக்கு அறுவது முடியுது. எம் பேர வெட்டிருவாங்க. நாம இருக்கற இந்தக் காம்பராவுக்கு ஒரு பேராவது தோட்டத்து வேலையில இருக்கணுமாம். இல்லாட்டி காம்பராவத் திருப்பிக் கேப்போம்னு கணக்கப்புள்ள நேத்தும் சொல்றாரு. பின்னுக்கு இருக்கற மரக்கறித் தோட்டமும் போயிரும்."

"அதான் நஸீர் நானா கடுதாசி குடுக்கிறேன்னாருல்ல. அதக் கொண்டுபோய் ஆபீஸ்ல காட்டுவோம். இந்த வீட்ல ஒருத்திக்கு நெரந்தர வேல இருக்கு, இதே தோட்டத்துக் கட்டடத்துலதான் வேலன்னு சொல்லுவோம்."

"தட்டே வெறுந்தட்டா வந்திருச்சு. கடுதாசி எங்கேருந்து வரும்?"

ஜீவராணி மாவை ஓங்கிக் குத்தினாள். "வரலேன்னா நான் திரும்பப் பேரு குடுக்கறேன். ரெண்டு வருசத்துக்கு முன்னுக்கு வரைக்கும் மலையில நின்னவதானே நானு? கூடைய மறந்தா போனேன்? ஆனா ஒன்னு சொல்லிட்டேன், புள்ளய இதுல இழுக்காதீங்க."

"நான் எங்க இழுத்தேன்?"

"ஒங்க கண்ணு அங்கதான் போவுது. எனக்குத் தெரியாதா?"

சர்மிளா நோட்டிலிருந்து நிமிரவில்லை. தேங்காய்ச் சம்பலில் அன்று உப்பு கூடிப்போயிருந்தது. மூவரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ஜீவராணி கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போனாள். இன்னும் நல்ல கொழுந்தாக ஒரு பை கேட்டு வாங்கலாம் என்பதுதான் அவளுடைய எண்ணம். போன தரம் எடுத்தது போதாது, இதைவிட இளசு வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். இருபத்தாறு வருடம் கொழுந்தெடுத்தவள் வேறென்ன நினைப்பாள்? முத்தல் இலை ஒன்று கூடைக்குள் விழுந்தால் ஏச்சு வாங்கி வளர்ந்த கை அது.

மழை விட்டிருந்தது. மடுவத்து வாசல் சேறும் சகதியுமாகக் கிடந்தது. செல்லசாமி கணக்கப்பிள்ளை தராசுக்கு முன்னால் நின்று, வரிசையில் முதலில் நின்ற அம்மாக்கண்ணுவின் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

"என்னா அம்மாக்கண்ணு இது? கொழுந்தா, ஆட்டுக்கு ஒடிச்ச கொழையா?"

"மழையில கண்ணு தெரியலீங்கையா."

"ஒனக்கு வெயில்லயும் தெரியாது." அவர் முத்தல் இலையைக் கைநிறைய அள்ளி வாசலில் வீசினார். வரிசையில் நின்ற பெண்கள் அதை மிதித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தராசுக்கு நகர்ந்தார்கள்.

ஜீவராணியின் கண் சேற்றில் போய் நின்றது. யாரோ மிதித்துப்போன ஓர் இலை காலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்திருந்தது. அது முதலில் கிடந்த இடத்தில், சேற்றில், நடு நரம்பும் கிளை நரம்பும் ஓரத்துப் பல்லும் ஒன்றுவிடாமல் பதிந்திருந்தன. அதன் பக்கத்திலேயே இளந்துளிர் ஒன்றும் மிதிபட்டுக் கிடந்தது. அவள் குனிந்து அதை எடுத்துப் பார்த்தாள். துளிர் கீரைபோல நசுங்கிப் போயிருந்தது, அடியில் வெறும் சேறு.

அவளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பெப்ரவரியில் கான் ஓரத்தில் கிடைத்தது என்று அவமானத்தோடு எடுத்தாளே, அது முத்தல். அதனால்தான் பதிந்தது. நல்லதாகத் தேடித் தேடி எடுத்தாளே, அதற்கு நரம்பே இன்னும் முற்றவில்லை, எதை வைத்துப் பதியும்? நூற்றிருபது தட்டைப் பாழாக்கியது கரண்டுமில்லை, கண்ணேறுமில்லை. அவளுடைய கைப்பழக்கம்தான்.

"ஐயா" என்றாள். "இந்தக் கழிச்ச எலைய நான் பொறுக்கிக்கவா?"

செல்லசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து வரைக்கும் நல்ல கொழுந்து, நல்ல கொழுந்துன்னு உயிர எடுத்த. இன்னைக்கு குப்பையக் கேக்குற. அள்ளிட்டுப் போ, மடுவம் சுத்தமாகும்."

பிள்ளைக்காம்பராவில் அந்தப் பையைக் கொட்டியபோது ராசம்மா இரண்டு அடி பின்னால் போனாள்.

"அய்யே, இதயா வக்கிறது? பாக்கறவங்க நம்மளப் பத்தி என்னா நெனப்பாங்க? கொழுந்தெடுக்கத் தெரியாதவளுக செஞ்ச தட்டும்பாங்க."

"பாக்கப்போறது கணக்கப்புள்ளயா? ஹோட்டலுக்கு வர்ற வெள்ளக்காரன்டி. அவனுக்கு முத்தல் என்னா, கொழுந்து என்னா?"

"அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே" என்றாள் ராசம்மா.

"நம்ம வீட்டுச் சுவத்துலயா மாட்டப்போறோம்? கட்டைய எடு."

அப்படியும் ராசம்மா முதல் நாள் முழுவதும், இருந்த முத்தலிலேயே சின்னதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜீவராணி மூன்று தரம் திட்டிய பிறகுதான் பெரிய இலையைத் தொட்டாள். மொட்டை மட்டும் ஊசியால் கீறிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வானம் அவர்களோடு மல்லுக்கு நின்றது. பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று நாளில் காயவேண்டிய தட்டு ஆறு நாளாகியும் ஈரமாக இருந்தது. தகர டின்னில் கரி மூட்டி பலகைக்கு அடியில் வைத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பதினொரு தட்டு வெடித்தது. மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டியிருந்தது. ஜீவராணியின் மணிக்கட்டு வீங்கிப்போய், தண்ணீர் பீலியில் குடம் பிடிக்கும் வேலையைச் சர்மிளா ஏற்றுக்கொண்டாள். கரண்ட் இரண்டு தரம் போய்ப் போறணை பாதிச் சூட்டில் நின்றது. மெருகு பூசிய முதல் நாற்பது தட்டுகள் உள்ளே போனபோது தேதி இருபத்தொன்பது. ஆறின பிறகுதான் திறக்கலாம். அதாவது முப்பத்தொன்று காலையில்.

"காம்பரா விசயமாப் பத்து மணிக்குத் தோட்டத்து ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார் பொன்னையா முப்பத்தோராந் தேதி காலையில்.

"நீங்க போயி இருங்க. போறணையத் தொறந்திட்டு, கடுதாசிய வாங்கிட்டு நான் நேரா அங்க வந்திர்றேன். நான் வராம ஒன்னும் சொல்லிறாதீங்க."

"நெரப்பற பாரமெல்லாம் சிங்களத்துல இருக்குமே. நான் என்னாத்த வாசிக்கிறது?"

"நான் கூடப் போறேம்மா" என்றாள் சர்மிளா.

நஸீர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பதினொன்றரைக்கு வந்தார். வழியில் மண் சரிந்து பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டதாம். அவர் வராமல் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ஐந்து பெண்களும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் வந்ததும் கதவைத் திறந்தார்கள். ராசம்மாதான் ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இலை அதில் இருந்தது. ஓரத்தில் புழு கடித்த சின்ன வளைவுகூட இருந்தது.

"அக்கா, எடுத்து வாயில போட்டா கசக்கும்போல இருக்கு" என்றாள்.

நஸீருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அங்கேயே நின்று ஹோட்டலுக்குப் படம் அனுப்பினார். கால் மணி நேரத்தில் போன் வந்தது. எடுத்துக்கொள்கிறார்கள், ஹோட்டலுக்குள் இருக்கும் கடைக்கு இன்னும் இருநூறு வேண்டுமாம். அவர் பையிலிருந்து கடை முத்திரை குத்திய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். முன்னாலேயே அடித்துக் கொண்டுவந்திருக்கிறார், நல்ல மனிதர். ஒரு தட்டையும் பேப்பரில் சுற்றி, "இத வீட்டுல மாட்டுங்க" என்றார்.

ஜீவராணி ஆபீசுக்கு ஓடினாள். அங்கே பொன்னையாவும் இல்லை, சர்மிளாவும் இல்லை. மூச்சு வாங்க லயத்துக்கு ஏறி வந்தாள். வீட்டு முன்திண்ணை இஸ்தோப்புக் கம்பியில் ஒரு படங்கு கழுவிக் காயப்போட்டிருந்தது. செடி குத்தாமல் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற தடித்த றெக்சீன் துணி அது. அவளுடைய பழைய படங்குதான். இரண்டு வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"இத யாரு எடுத்துப் போட்டா?"

பொன்னையா தரையைப் பார்த்தார். "ஒன் பேரத்தான் புள்ள மொதல்ல சொன்னேன். சத்தியமா ஒன் பேரத்தான் சொன்னேன். நாப்பத்தஞ்சு தாண்டுனவங்கள புதுசாப் பதியறதில்லயாம். ஒனக்கு நாப்பத்தேழுன்னு கார்டுல இருக்கு. கிளாக்கரு பேனாவ வச்சிட்டு, அப்ப காம்பராவக் குடுத்திர்றீங்களான்னு கேட்டாரு. நான் என்னாத்தச் சொல்ல?"

"நான்தாம்மா சொன்னேன்" என்றாள் சர்மிளா. "எம் பேரப் போடுங்கன்னு. அப்பா ஒன்னும் சொல்லல."

"நான் வர்ற வரைக்கும் ஒரு மணி நேரம் நிக்க முடியலியா ஒங்களுக்கு? இந்தா கடுதாசி!"

"கடுதாசியப் பத்தியும் கேட்டோம்மா. தோட்டத்து ஆளுங்க பேரெழுதற செக்ரோல்ல பேரு இருந்தாத்தான் கணக்காம். கடை வேலையெல்லாம் கணக்கில்லயாம்."

ஜீவராணி அப்படியே திரும்பி மறுபடி ஆபீசுக்கு இறங்கினாள். கிளாக்கர் கடிதத்தை மரியாதையாக வாங்கி, முழுவதும் வாசித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நல்ல கடிதம்தான் என்றார். சர்மிளா சொன்னதையேதான் அவரும் சொன்னார். இரண்டு வாரம் சேற்றோடும் பனியோடும் அடித்துக்கொண்டு வாங்கிய கடிதம், கேட்க வேண்டியதை யாரும் முன்னாலேயே கேட்காததால் ஒன்றுக்கும் உதவாமல் போனது. அவள் வழியெல்லாம் வாய்விட்டு ஏசிக்கொண்டே வந்தாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை.

"நவம்பர் வரைக்குந்தானேம்மா" என்றாள் சர்மிளா. "அந்தியில வந்து படிப்பேன்."

"மலைக்குப் போயிட்டு வந்து படிச்சவ ஒருத்தியக் காட்டுடி. ஒருத்தியக் காட்டு!"

பொன்னையா அந்தத் தட்டை மாட்டுவதற்கு ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு சுவரில் இரண்டு மூன்று இடத்தில் அடித்துப் பார்த்தார். ஆணி நிற்கவில்லை, காரைதான் பொத்தென்று கொட்டியது. தட்டைக் கோதுமை மா டின்னின் மேல் வைத்துவிட்டு, கொட்டின காரையைக் கூட்டி அள்ளினார்.

முதலாந் தேதி மத்தியானம் ஜீவராணி பையோடு மடுவத்துக்குப் போனாள். இருநூறு தட்டுக்கு இலை வேண்டும், போகாமல் இருக்க முடியாது. வரிசையின் கடைசியில் சர்மிளா நின்றாள். படங்கு அவளுக்குப் பெரிதாக இருந்ததால் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். விரல் நுனிகள் கறை பிடித்துக் கறுத்திருந்தன. அம்மாவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

அவளுடைய முறை வந்தது. செல்லசாமி சாக்குக்குள் கையை விட்டார். விட்ட கையோடு நிமிர்ந்தார்.

"யாரு, பொன்னையா மகளா? ஒங்காத்தா எடுத்த கொழுந்தப் பாத்தவன் நான். இது என்னாம்மா இது, பாதிக்கு மேல முத்தலு?"

"பழகிருவேங்க ஐயா."

"பழகு, பழகு." அவர் அள்ளி வீசினார். இன்னொரு தரம் அள்ளி வீசினார். இலை வந்து ஜீவராணியின் காலடியில் விழுந்தது.

அவள் குனிந்து உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினாள். இத்தனை நாள் பொறுக்கியதிலேயே இப்படி இலை கிடைத்ததில்லை. புழு கடிக்காத, கிழியாத, அகலமான இலை. நரம்பு கையில் நெருடியது. பழகாத விரல் காம்போடு பிடுங்கியிருந்ததால் ஒன்றுகூட நசுங்கவில்லை. இருபது தட்டுக்காவது வரும் என்று அவளுடைய கை அவளைக் கேட்காமலே கணக்குப் போட்டது.

சர்மிளா வெறும் சாக்கோடு வந்து பக்கத்தில் குந்தி, தானும் இரண்டு இலையைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

"இதத் தொடாத" என்றாள் ஜீவராணி. குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "முத்தலத் தொடவே தொடாத, வெளங்குதா? ரெண்டு எலையும் மொட்டும். வெரல வச்சாலே ஒடியணும், இழுக்கக் கூடாது. எளசாப் பாத்து எடு."

சர்மிளா பைக்குள் கிடந்த இலைகளைப் பார்த்தாள்.

"அப்ப ஒந் தட்டுக்கு?" என்று கேட்டாள்.

ஜீவராணி பையின் வாயைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.